வீட்டுக்கு ஒரு வேலை

மப்ரூக்கா அன்றைக்குக் குலவை போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளை எப்படிக் குறை சொல்வது? எங்கள் தெருவில் குலவைச் சத்தம் கேட்டே நெடுநாள் ஆகியிருந்தது. கல்யாணம் பண்ணப் பையன்களிடம் காசில்லை. காசு பார்க்க வேலையில்லை. இருக்கிற ஒரே கம்பெனி மலையைத் தோண்டிப் பாஸ்பேட் எடுக்கிறது. எடுத்ததை ரயிலில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்புகிறது. எங்களுக்கு விட்டுவைத்தது தூசியும், குடித்தால் பல்லெல்லாம் பழுப்பாகிப் போகிற தண்ணீரும்தான். பக்கத்து நகரமான கஃப்ஸாவுக்குப் போய் நாங்கள் வாயைத் திறந்தால் போதும், எந்த ஊர்க்காரன் என்று கேட்கவே வேண்டாம்.

நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம் குறைந்துபோன ஊரில் சாவை நம்பித்தான் பிழைப்பு ஓடியது. மிச்சமிருந்த நாற்காலிகளையும் ரித்தா என்கிற பையன் வந்து, "சாச்சா, நாலு நாளைக்கு" என்று சொல்லித் தண்டவாளத்துக்கு எடுத்துக்கொண்டு போனான். வேலையில்லாத பையன்கள் தண்டவாளத்தின் குறுக்கே கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளெடுக்காமல் ஒரு ரயிலும் போகக் கூடாது என்பது அவர்கள் பேச்சு. அந்த நாலு நாள் முடியவே இல்லை. இரண்டு தடவை குளிர் வந்து போயிற்று, ஒட்டகம்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தெற்குக் காற்று வந்து போயிற்று, என் நாற்காலிகள் வெயிலில் வெளுத்து உளுத்துப் போயின. வாடகையைப் பற்றிப் பேசவே முடியாது. பேசினால் நான் கம்பெனிக்காரன் ஆகிவிடுவேன்.

மப்ரூக்கா என் பக்கத்து வீடு. அவள் புருஷன் அம்மார் சுரங்கத்தில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு இருமி இருமிச் செத்தவன். அவள் மண் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்றாள். மகன் லஸ்ஆத் கூடாரத்தில் முதல் நாளிலிருந்து உட்கார்ந்திருப்பவன். அவனுக்கு வயது ஏறிக்கொண்டே வந்தது. முப்பத்தைந்தைத் தாண்டினால் கம்பெனி தொட்டுக்கூடப் பார்க்காது, அடுத்த குளிரில் அவனுக்கு முப்பத்தைந்து. மகள் ஹயெத் கஃப்ஸாவில் கணக்கியல் படித்தாள். படிப்பின் கடைசியில் ஏதாவது ஒரு ஆபீசில் பயிற்சி பெற்று, அங்கே என்ன நடந்தது என்று அறிக்கை எழுதி, ஆபீஸ்காரர் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் டிப்ளோமா. பயிற்சியை ஸ்தாஜ் என்பார்கள். பாங்கு, நகராட்சி, இன்ஷூரன்ஸ் என்று அவள் ஏறாத படியில்லை. எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "நீ யாரோட பொண்ணு?" அம்மாரோட பொண்ணு என்றால் எந்தக் கதவு திறக்கும்?

கடைசியில் ரொட்டிதான் திறந்தது. கம்பெனியின் சரக்கு ரயில் ஆபீசுக்கு மேனேஜர் மொன்சிஃப், மரியாதையாக ஸி மொன்சிஃப் என்போம். அவர் மனைவிக்கு மப்ரூக்காவின் ரொட்டி இல்லாமல் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று மப்ரூக்கா அழுதாள். மறுவாரம் ஹயெத்தை வரச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் குலவை. பழைய ரொட்டியைப் பிய்த்து, பேரீச்சம்பழமும் வெண்ணெயும் போட்டுப் பிசைந்து இனிப்பு செய்து, தெரு முழுக்கத் தட்டுத் தட்டாகக் கொடுத்தாள். எனக்கும் ஒரு தட்டு வந்தது.

"என்ன காலா விசேஷம்?" என்றேன். அவள் என்னைவிட மூத்தவள், அதனால் காலா, அதாவது சித்தி.

"எம் பொண்ணு கம்பெனி ஆபீசுக்குப் போறா!" முகமெல்லாம் பல். பழுப்புப் பல்தான், ஆனால் அத்தனையும் தெரிந்தது.

"வேலையா?"

"பின்ன? காலைல போறா, சாயங்காலம் வரா. மேசை, நாற்காலி, ஃபேன். வேலைன்னா வேற எப்படி இருக்கும்?"

ஹயெத் அப்போதே உள்ளே இருந்து கத்தினாள், "உம்மா, வேலை இல்லைம்மா, பயிற்சி!" குலவைச் சத்தத்தில் யார் காதில் விழுந்தது? விழுந்திருந்தாலும் யாருக்குப் புரிந்திருக்கும்? சம்பளத்துக்கு வேலை கிடைக்காத ஊரில், சம்பளம் இல்லாமல் ஒருத்தி வேலைக்குப் போகிறாள் என்றால் சிரிப்பார்கள்.

அன்று சாயங்காலம் லஸ்ஆத் வந்த வேகத்தில் வாசல் திரைச்சீலை கம்பியோடு கழன்று விழுந்தது.

"ஊருக்கெல்லாம் இனிப்புக் குடுத்தியாமே?"

"ஆமாடா. உனக்கும் வச்சிருக்கேன், உக்காரு."

"எனக்கு எதுக்கு? என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு இனிப்பு வேற குடுக்குற!"

"ஏண்டா, தங்கச்சிக்கு நல்லது நடந்தா உனக்கு எரியுதா?"

"எரியல உம்மா. கூடாரத்துல என்ன பேச்சுன்னு தெரியுமா உனக்கு? வீட்டுக்கு ஒரு வேலை. ஒரு வீட்டுக்கு வேலை கெடச்சா, அந்த வீட்டு ஆள் வரிசையை விட்டு வெளிய போயிறணும். நாந்தான் கையத் தூக்கி ஆமோதிச்சேன் அந்தச் சட்டத்துக்கு!"

மப்ரூக்கா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஹயெத் சுவரில் சாய்ந்து நின்றாள். அடுப்பிலிருந்த ரொட்டி கருகிய பிறகுதான் மப்ரூக்காவுக்கு உயிர் வந்தது.

ஹயெத்தின் ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம், ஜன்னலைத் திறந்தால் நேரே தண்டவாளமும் கூடாரமும். வேலை என்னவென்றால், எத்தனை பெட்டி போயிற்று, எத்தனை டன் போயிற்று, வழியில் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார்ப்பது. ரயிலே போகவில்லை. ஆகையால் கணக்கும் இல்லை. சம்பளக்காரர்கள் வந்து, கையெழுத்துப் போட்டு, காபி குடித்து, பேசி, வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்குச் சம்பளம் வந்தது. ஹயெத் அந்தக் காபியைப் போட்டாள். காபித்தூள் தீர்ந்தால் தன் காசில் வாங்கினாள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ரஃபீக்கா என்கிற பழைய குமாஸ்தா மட்டும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசினாள்.

"எனக்கு ஏதாச்சும் வேலை குடுங்க மேடம். அறிக்கையில என்னத்த எழுதுவேன்?"

"எனக்கே வேலை இல்லை கண்ணு. நான் மருமகப் புள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருக்கேன். வேணும்னா நூலைப் பிடி."

அவள் நூலைப் பிடித்தாள். ஒரு நாள் மேனேஜர் அறைக்குக் காபி கொண்டுபோனபோது துணிந்து கேட்டுவிட்டாள். மொன்சிஃப் நல்ல உயரம், நல்ல சிரிப்பு, கத்திப் பேசவே மாட்டார்.

"ஸி மொன்சிஃப், முடியறப்ப கையெழுத்துப் போடுவீங்கல்ல?"

"எதுக்கு?"

"பயிற்சி முடிச்சதுக்கு."

"என்ன பயிற்சி முடிச்சே?" அவர் ஜன்னலைக் காட்டினார். "நான் பொய்க்குக் கையெழுத்துப் போடற ஆள் இல்லம்மா. சரக்கு ரயில் கணக்குன்னு தலைப்பு வச்சிருக்க. ரயில் எங்க? உங்க அண்ணன் சட்டைப் பைக்குள்ள இருக்கு. அவன்கிட்டக் கேளு."

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை. ரஃபீக்கா என் மனைவியிடம் சொன்னதால்தான் எனக்குத் தெரியும்.

இதற்குள் கூடாரத்தில் லஸ்ஆதோடு பேச்சு நின்றுபோனது. அவன் டீக் கோப்பையைக் கழுவினால் வேறொருவன் வந்து மறுபடி கழுவினான். கூடாரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நாள் சாப்பாடு போகும். மப்ரூக்காவின் முறை வந்தபோது, கோதுமை ரவையில் மிளகாய் அரைத்துப் போட்டு அவள் செய்த கூஸ்கூஸ் மூடிய பாத்திரமாகவே திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் அவள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே தண்டவாளத்துக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். என் நாற்காலிகளைப் பார்க்க வந்தவன் மாதிரி ஒன்றைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

ரித்தாதான் கூடாரத்துக்குத் தலைவன். கெட்டவன் இல்லை. வேலை வந்துவிடும் என்று நம்பிக் கல்யாணம் பண்ணி, பிள்ளைகளும் பெற்று, மாமனார் வீட்டில் தலைகுனிந்து சாப்பிடுகிறவன்.

"வா காலா, உக்காரு. டீ குடி."

"உன் டீ எனக்கு வேணாம். என் கூஸ்கூஸ்ல என்னடா விஷமா வச்சேன்?"

"அப்படிச் சொல்லாத காலா. நீ வயித்துக்கு நல்லது பண்றவ. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. உன் வீட்டுக்கு வேலை கெடச்சாச்சு."

"அவளுக்குச் சம்பளமே கெடையாதுடா!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "சம்பளம் இல்லாமயா தினம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போறா? எங்க வீட்டுக் கழுதை தீவனம் வைக்காட்டி வாசலையே தாண்டாது" என்றான்.

"சிரிக்காதீங்கடா. அது படிப்பு. படிப்புல ஒரு பாகம்."

"படிப்புன்னா பள்ளிக்கூடத்துல இருக்கும் காலா. கம்பெனி ஆபீசுல என்ன படிப்பு? எங்க காதுல பூ சுத்துற."

"காபித்தூள்கூட அவதான்டா வாங்கிட்டுப் போறா!"

"அது சரி," என்றான் ரித்தா, குரலைத் தாழ்த்தி. "அப்ப எதுக்குக் குலவை போட்ட? இனிப்பு எதுக்குக் குடுத்த? எம் பொண்டாட்டிகூடத் தின்னா."

மப்ரூக்கா தடுமாறினாள். "எனக்கு அப்பத் தெரியலைடா. நானும் வேலைன்னுதான் நெனச்சேன்."

"பெத்தவ நீயே வேலைன்னு நெனச்சிருக்க. நாங்க நெனச்சா மட்டும் தப்பா?"

லஸ்ஆத் கூடாரத்தின் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தான். ரித்தா எழுந்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"காலா, ஒரு வீட்டுக்கு ரெண்டுன்னு விட்டேன்னு வையி, நாளைக்கு இந்தக் கூடாரம் நிக்காது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உம் பொண்ணு போறத நிறுத்திட்டா லஸ்ஆத் எங்க ஆளு. இல்லாட்டி அவன் போர்வையச் சுருட்டிக்கிட்டுப் போகட்டும்."

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த பேச்சு எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் சுவர்கள் அப்படி.

"நின்னுரு மகளே. உனக்கு வயசு இருக்கு. அவனுக்கு இல்ல."

"இன்னும் ரெண்டே வாரம் உம்மா. இப்ப நின்னா மூணு வருசப் படிப்பும் குப்பைக்குத்தான். மறுபடி பயிற்சிக்கு எவன் கூப்பிடுவான்? நீ யாரோட பொண்ணும்பான்."

"உங்க வாப்பா நெஞ்சைக் குடுத்த எடம்டி அது. அந்த எடம் உங்க அண்ணனுக்கு வரணும்."

"எனக்கு வாப்பா இல்லையா? அவர் இருமுனது எனக்குக் கேக்கலையா?"

இவ்வளவுக்கும் லஸ்ஆத் ஒரு வார்த்தை பேசவில்லை. நில்லு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அந்தப் பெண்ணுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. சுவரில் ஒரு தட்டுத் தட்டி, "உப்பு இருக்கா காலா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டேன். மப்ரூக்கா உப்பு கொடுத்தாள், அழுத கண்ணோடு.

மறுநாள் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. மேனேஜர் வாயாலேயே சொன்னால் நம்ப மாட்டார்களா? நல்ல ரொட்டியாகப் பொறுக்கித் துணியில் கட்டிக்கொண்டு மொன்சிஃப் வீட்டுச் சமையலறை வாசலுக்குப் போனாள். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவள் உங்கள் சம்பளக்காரி இல்லை என்று சொல்லுங்கள், என் பிள்ளைக்கு உயிர்ப்பிச்சை கொடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். 'வீட்டுக்கு ஒரு வேலையா?' என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாராம். பிறகு, "வர்றேன் மப்ரூக்கா, நானே வந்து சொல்றேன்" என்றாராம். அவள் திரும்பி வரும்போது எல்லோருக்கும் சலாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை அவர் வந்தார். காவலுக்கு ஒருவரும் இல்லை. தனியாகத் தண்டவாளத்தில் நடந்து வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, கூடாரத்துக் கரி அடுப்பில் கறுக்கக் காய்ந்த டீயை வாங்கிக் குடித்தார். செய்தி பரவி, தெருவே கூடிவிட்டது. மப்ரூக்கா முன்னால் நின்றாள்.

"ஹயெத் யாருன்னு உங்களுக்குள்ள சண்டையாமே?" என்று ஆரம்பித்தார். "நான் சொல்றேன். ஹயெத் எங்க பொண்ணு. எங்க ஆபீஸ் பொண்ணு. அருமையான புள்ள."

மப்ரூக்காவின் முகம் மாறியது.

"கம்பெனிக் கதவு மூடிக் கெடக்குன்னு யார் சொன்னது? அம்மார் மக எப்படி வந்தா? சத்தம் போட்டா வந்தா? தண்டவாளத்த மறிச்சா வந்தா? பேசாம வந்தா, உள்ள விட்டோம். படிச்ச புள்ளைங்க எல்லா வீட்லயும் இருக்கு. வழி விடற வீட்டுப் புள்ளைங்கள நாங்க மறந்துர மாட்டோம்."

"ஸி மொன்சிஃப்!" மப்ரூக்கா அலறினாள். "நீங்க சொல்றேன்னது இது இல்லையே! அவளுக்குச் சம்பளம் இல்லைன்னு சொல்லுங்க! அல்லாவுக்காகச் சொல்லுங்க!"

அவர் சிரித்தார். எல்லோரையும் பார்த்து, மிகவும் அன்பாக, "பாவம், பெத்தவ. கண்ணு பட்டுருமேன்னு மறைக்கிறா" என்றார்.

அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஆடு நன்றாகக் குட்டி போட்டால்கூட ஒன்று செத்துவிட்டது என்று சொல்லித் திரிவோம், கண்ணுக்குப் பயந்து. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மப்ரூக்கா குர்ஆன் மேல் சத்தியம் செய்யத் தயார் என்றாள். மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். போடப் போட, இவ்வளவு பயப்படுகிறாள் என்றால் எவ்வளவு பெரிய சம்பளமோ என்றுதான் நினைத்தார்கள். எனக்கு மொன்சிஃபின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிவதற்குள் மேனேஜர் வீட்டுச் சமையலறை வாசலில் கூட்டம். முட்டை, கோழி, ஆலிவ் எண்ணெய், ஒருத்தி கிடாக்குட்டியையே இழுத்துப் போனாள். எல்லாருக்கும் படித்த பிள்ளை ஒன்று இருந்தது, இல்லாதவர்களுக்கு மருமகன் இருந்தான். கூடாரத்தில் ஆள் கரைந்தது. அன்று மாலைக்குள் ரித்தா என்னிடம் வந்து, தலையை நிமிர்த்தாமல், "சாச்சா, உன் நாற்காலியெல்லாம் எடுத்துக்க" என்றான். அவன் மச்சினிக்கும் டிப்ளோமா இருந்தது.

சனிக்கிழமை காலை ரயில் வரும் என்று சொல்லிவிட்டார்கள். நான் கைவண்டியோடு போனேன். கூடாரத்தைப் பிரித்துவிட்டிருந்தார்கள், கரியும் எலும்பும் காலிப் புட்டிகளும் கிடந்தன. லஸ்ஆத் மட்டும் தண்டவாளத்தின் நடுவே, போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ரித்தா, இன்னும் நாலைந்து பேர் சற்று எட்டி நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். "வந்துருடா, போலீஸ் வந்தா எலும்ப எண்ணிருவான்." அவன் திரும்பவே இல்லை. வளைவுக்கு அப்பால் எஞ்சின் நின்று ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிற சத்தம். வீடுகளிலிருந்து சனம் வெளியே வந்து பார்த்தது.

ஆபீஸ் ஜன்னலில் மொன்சிஃப் நின்றார். உள்ளே நடந்ததை ரஃபீக்கா பிறகு சொன்னாள். அவர் போலீஸுக்குப் போன் செய்யவில்லை. ஹயெத்தைக் கூப்பிட்டார்.

"வேலை குடுங்க, வேலை குடுங்கன்னு கேட்டியே. இந்தா வேலை. போய் உங்க அண்ணன எழுப்பிக் கூட்டிட்டுப் போ. அப்புறம் அங்கயே நின்னு பெட்டிய எண்ணு. அறிக்கை எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"ஸி மொன்சிஃப், சின்னப் புள்ள அது" என்று ரஃபீக்கா எழுந்தாளாம். அவர் அவளைத் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாளாம். அவளுக்கும் சம்பளம் வேண்டுமே.

ஹயெத் வெள்ளைச் சட்டையோடு ஜல்லிக் கற்கள் மேல் நடந்து வந்தாள். அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நாற்காலியை நாற்காலி மேல் அடுக்கிக்கொண்டிருந்தேன், எனக்கு எல்லாம் கேட்டது.

"எந்திரி அண்ணே."

"அவன் அனுப்பினானா?"

"ஆமா."

"நீ என்ன சொல்ற?"

"எனக்கு அந்தக் கையெழுத்து வேணும் அண்ணே" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"வேலை குடுப்பான்னு நம்புறியா?"

"இல்ல. பயிற்சி முடிஞ்ச அன்னைக்கே வீட்டுக்குப் போன்னு சொல்லிருவான். எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் நானும் உன்ன மாதிரி எங்கயாச்சும் போய் உக்காருவேன். ஆனா கையில டிப்ளோமா இருக்கும்."

லஸ்ஆத் சிரித்தான். அத்தனை நாளில் அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "ஆமா, டிப்ளோமா இருந்தா உக்காரச் சுகமா இருக்கும்" என்றான். பிறகு கையை ஊன்றி எழுந்தான். இரண்டு வருஷம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தவன், தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஓரத்துக்கு வந்தான். நான் போய்ப் போர்வையை எடுத்து வந்தேன். யாரும் கை தட்டவில்லை, யாரும் திட்டவும் இல்லை. ரித்தா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எஞ்சின் வந்தது. தரை அதிர்ந்தது. பெட்டி நிறைய எங்கள் மலை, சாம்பல் நிறத்தில் குவிந்து போயிற்று. தூசி எழுந்து எல்லோர் மேலும் படிந்தது. ஹயெத் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். லஸ்ஆத் அவளை உலுக்கினான்.

"ஏய், எண்ணு! எண்ணாம விட்டா எதை எழுதுவ?"

அவளால் நிமிர முடியவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனே எண்ண ஆரம்பித்தான். சக்கரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி எண்ணினான். ஒவ்வொரு பெட்டிக்கும் விரலை நீட்டினான், வாயில் தூசி போனதைத் துப்பிவிட்டு எண்ணினான். பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் ஓரிடத்தில் தூசி ஏறி இருமினான். விரல் மட்டும் நீட்டியபடி நின்றது.

"எத்தனையில விட்டேன்?" என்று கேட்டான்.

ஹயெத் முகத்திலிருந்து கையை எடுத்து அந்த எண்ணைச் சொன்னாள். அங்கிருந்து இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள்.